முதுமையும் மூளையும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யயாதி மன்னனின் கதையை நம்முள் அறியாதார் இலர். சுக்கிராசாரியாரின் சாபத்தினாலே இளமை நீங்காத வயதிலே கிழப்பருவம் எய்திய அம்மன்னன், தன் புதல்வர் ஐவரையும் ஒவ்வொருவராக அழைத்து, “உன் இளமையை எனக்குத் தந்து என் முதுமையை நீ ஏற்றுக்கொள்வாயா?” என்று கேட்டான். நால்வர் மறுத்தனர். கடைப்பிள்ளையாகிய பூரு ஒருவனே இசைந்தான். முதுமையை ஒரு சால்வையைப்போலக் கழற்றி இன்னொருவர் தோளிலே போட்டுவிடலாம் என்று எண்ணிய காலத்துக் கதை அது.

இன்றைய விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அக்கேள்வியையே வேறு விதமாகக் கேட்கின்றார்கள். முதுமை என்பது நம் உடம்பிலே எங்கே இருக்கின்றது? அதனை அளக்க முடியுமா? அதன் ஓட்டத்தைத் தடுக்க முடியுமா? முதுமையோடு கூடவரும் மறதி நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளை, நமக்கு விளங்கும் சொற்களிலே, சிறிது நேரம் ஆராய்வோம்.

புசல்லாவையிலே இதனைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தனர். அத்தொகை அதன்பின்னும் வளர்ந்தே வந்திருக்கின்றது. கடைவீதி வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் தாத்தாவோ அப்பாயியோ இல்லாத குடும்பம் இன்று அரிது. நாற்பது வருஷம் மலையேறிக் கொழுந்தெடுத்த அப்பாயி, நடுச்சாமத்திலே எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு” என்று கூடையைத் தேடுகின்றாள். சாப்பிட்டுக் கை கழுவியபின் “எனக்கு யாரும் சோறு போடல்ல” என்கின்றாள். பெற்ற மகனைப் பார்த்து “நீ யாரு தம்பி?” என்கின்றாள். அயலவர் என்ன சொல்கின்றனர்? “கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு” என்பார் ஒருவர்; “எதையோ கண்டு பயந்திருக்கா, மந்திரிச்சா சரியாகும்” என்பார் மற்றொருவர்; “வயசு போனா அப்படித்தான்” என்று கூறி வேலைக்குப் போவார் மூன்றாமவர். மூவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆயினும் அம்மூவர் சொல்லினாலும் அந்த அப்பாயிக்குக் கிடைத்த நன்மை ஒன்றுமில்லை.

இது மூளையின் நோய். ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் என்பவர், 51 வயதிலேயே மறதி முற்றி ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணைக் கவனித்துவந்து, அவள் இறந்தபின் மூளையைச் சோதித்து, 1906ஆம் ஆண்டிலே தாம் கண்டதை எடுத்துரைத்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே அழுக்குப் படிந்தாற் போன்ற திட்டுக்களும், கலங்களுக்கு உள்ளே சிக்கு விழுந்த நூல் போன்ற முடிச்சுக்களும் அங்கே இருந்தன. இது வெள்ளைக்காரர் நாட்டு நோய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ராகமையிலே 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 700 பேரைச் சோதித்து 2003இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்குச் சற்றேறக்குறைய 4 பேருக்கு மறதி நோய் காணப்பட்டது; அவர்களுட் பெரும்பாலார்க்கு இருந்தது அல்சைமர் நோயே. இறந்தோரின் மூளைகளைக் கொழும்பிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெற்று ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், அல்சைமர் கண்ட அதே மாறுதல்கள் நம்மவர் மூளைகளில் இருந்தமை தெரியவந்தது.

இனி, முதுமை எங்கே இருக்கின்றது என்ற கேள்விக்கு வருவோம்.

நம் உடம்பு எண்ணிறந்த கலங்களால் ஆகியது. ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் 46 நிறமூர்த்தங்கள் உள. பரம்பரைச் செய்தி எல்லாம் அவற்றிலே எழுதப்பட்டிருக்கின்றது. நிறமூர்த்தம் ஒவ்வொன்றையும் ஒரு நீண்ட கயிறாக எண்ணிக்கொள்ளுங்கள். கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டும் கயிற்றை நம் தாய்மார் எவ்வாறு பாதுகாக்கின்றனர்? நுனியிலே இறுக்கி ஒரு முடிச்சுப் போடுகின்றனர். முடிச்சில்லாத கயிறு நாலு நாளிலே பிரிந்து திரியாகிவிடும். நிறமூர்த்தத்தின் இரு நுனிகளிலும் இயற்கை போட்டுவைத்த முடிச்சுக்கே டெலோமியர் என்று பெயர். மனிதரிலே அம்முடிச்சு ஆறெழுத்துக்களால் ஆனது: தைமின், தைமின், அடனின், குவானின், குவானின், குவானின். இவ்வாறெழுத்தே ஒரு மந்திரத்தைப்போல ஆயிரம் முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். அதில் வேறு செய்தி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் செய்தி தேய்ந்துபோகாமல் தான் தேய்ந்துகொடுப்பதே அதன் தொழில்.

ஏன் தேய்கின்றது? கலம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் நிறமூர்த்தத்துக்கு ஒரு பிரதி எடுக்கப்படல் வேண்டும். பிரதி எடுக்கும் நொதியம் கயிற்றின் கடைசி நுனிவரை போய்ச் சேர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நுனியிலே சிறிதளவு விடுபட்டுப் போகின்றது. முடிச்சு மிகக் குறுகியதும், கலம் தன் ஆபத்தை உணர்ந்து, மேலும் பிரியாமல் நின்றுவிடுகின்றது. இதுவே கலத்தின் முதுமை.

இவ்வுண்மை ஒருவரால் ஒரு நாளிலே கண்டறியப்பட்டதன்று. 1961இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே லெனார்ட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் என்னும் இருவர், மனிதக் கலங்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன எனக் காட்டினர். கலங்கள் சாகாவரம் பெற்றவை என அதுவரை நம்பியிருந்த விஞ்ஞான உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. கலம் தான் பிரிந்த தடவைகளை எவ்வாறு எண்ணி வைத்திருக்கின்றது? 1971இல் மொஸ்கோவிலே அலெக்சி ஒலோவ்னிகோவ் என்பார், நிறமூர்த்தத்தின் நுனி தேய்வதே அந்தக் கணக்கு என்று ஊகித்து எழுதினார். 1978இல் எலிசபெத் பிளாக்பேர்ண் என்னும் அவுஸ்திரேலியப் பெண்மணி, யோசப் கோலுடன் சேர்ந்து, குளத்து நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரிலே அந்நுனியின் எழுத்துக்களை முதன்முதலாக வாசித்தார். 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே, அவருடைய மாணவி கரொல் கிரைடர், தேய்ந்த நுனியைத் திரும்ப வளர்க்கும் நொதியம் ஒன்று இருப்பதற்கான முதற் சான்றைக் கண்டார். அந்நொதியத்துக்கு டெலோமிரேஸ் என்று பெயர். இவ்விரு பெண்மணிகளுக்கும் ஜக் சொஸ்டக் என்பாருக்கும் 2009இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குளத்துப் பூச்சியிலே தொடங்கிய வேலை மனிதனின் முதுமைவரை வந்து சேர்ந்த வரலாறு இது. உண்மையைத் தேடும் மாணவன் சிறிய பொருள் என்று எதையும் இகழலாகாது.

அந்நொதியம் நமக்குப் புதிதன்று. 1841ஆம் ஆண்டிலே மொரிஸ் வேர்ம்ஸ் என்பார் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டது இந்தப் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்திலேதான் என்று வரலாறு கூறும். தேயிலையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகின்றோம். இலையெல்லாம் போய்க் கட்டை மாத்திரம் நிற்கின்றது. சில மாதத்திலே அந்தக் கட்டையே மறுபடி துளிர்க்கின்றது. நம் பாட்டன் வெட்டிய செடியைப் பேரன் வெட்டுகின்றான், செடி சளைப்பதில்லை. தாவரங்களின் துளிர்விடும் நுனிகளிலே டெலோமிரேஸ் நொதியம் தொடர்ந்து வேலை செய்வது இதற்கு உதவும் காரணங்களுள் ஒன்று. மனித உடம்பிலோ, வித்துக் கலங்களிலும் சில மூலக் கலங்களிலும் தவிர, மற்றையவற்றில் அந்நொதியம் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றது. செடி துளிர்க்கின்றது, அதை வளர்த்த கை தளர்கின்றது.

“அப்படியானால் அந்நொதியத்தை எழுப்பிவிட்டால் என்ன?” என்று இளைஞர்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வியே. 2010ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆராய்ச்சியாளர், இந்நொதியம் இல்லாமற் செய்யப்பட்டு விரைவில் முதுமையடைந்த எலிகளுக்கு அதனைச் சில வாரம் திரும்பக் கொடுத்தபோது, சுருங்கியிருந்த மூளை ஓரளவு மீண்டதென்றும், மழுங்கிய மோப்பம் திரும்பியதென்றும் அறிவித்தனர். யயாதியின் ஆசை நிறைவேறியது போலத் தோன்றும். ஆனால் மறுபக்கம் ஒன்றுண்டு. புற்றுநோய்க் கலங்களுள் நூற்றுக்கு 85க்கு மேற்பட்டவை இந்நொதியத்தை எழுப்பிக்கொண்டே சாகாமல் பெருகுகின்றன. முடிச்சுத் தேய்ந்து கலம் நின்றுவிடுவது முதுமைக்கு வழியானாலும், கட்டுமீறிப் பெருகுவதற்கு அது ஒரு தடையுமாம். இயற்கை போட்ட பூட்டை, சாவியைப் பற்றி முழுதும் அறியாமல் உடைக்கலாகாது.

மூளைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன? இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. அவை பெரும்பாலும் பிறப்போடு வந்தவை, பின்னர் பிரிவதில்லை. பிரியாத கலத்திலே, பிரிவினால் வரும் தேய்வு எவ்வாறு வரும்? விடை இதுதான்: நரம்புக் கலம் தனித்து வாழ்வதில்லை. அதற்குச் சோறூட்டும் கலங்கள் உள. குப்பை கூட்டும் கலங்கள் உள. இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் கலங்கள் உள. இவை பிரிவன; ஆகவே தேய்வன. தேய்ந்து நின்ற கலம் சும்மாவும் இருப்பதில்லை; பக்கத்துக் கலங்களை அழற்சியுறச் செய்யும் பொருள்களைக் கக்குகின்றது. துப்புரவு செய்பவன் நோயுற்றால் ஊரிலே குப்பை சேர்வதுபோல, மூளையிலே அல்சைமர் கண்ட திட்டுக்கள் சேர்வதற்கு இதுவும் ஒரு வழியாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

சான்றுகள் யாவை? அல்சைமர் நோயாளரின் இரத்தக் கலங்களில், அவ்வயதொத்த மற்றையோரைக் காட்டிலும், டெலோமியர் சராசரியாகக் குறுகியிருப்பதைப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்தோர் கண்டனர். பிறப்பிலேயே குறுகிய டெலோமியர் வாய்க்கும் பரம்பரையலகு உடையோருக்கு அந்நோயின் அபாயம் ஓரளவு கூடுதல் என 2015இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. மறுபுறம், நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர மக்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியிலே, மிகக் குறுகியதும் அபாயம், மிக நீண்டதும் அபாயம் என்று தெரிந்தது. நடுக்குவாதம் என நாம் கூறும் பார்க்கின்சன் நோயிலோ இத்தகைய தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆகவே, டெலோமியரை மறதி நோயின் ஒரே வேர் எனக் கூறுதல் பொருந்தாது. பல வேர்களுள் ஒன்றென்றும், உடம்பு பட்ட பாட்டைக் காட்டும் ஓர் அளவுகோல் என்றும் கொள்ளுதலே நேர்மை.

அந்த அளவுகோல் நம்மவரிடத்திலே காட்டியது யாது? சென்னை நகரத்து நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், நீரிழிவுள்ள 40 பேரையும், அதே வயதினராய் நீரிழிவில்லாத 40 பேரையும் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டனர். நீரிழிவில்லாதோரின் நுனி நீளம் சராசரி ஏறத்தாழ 9,000 எழுத்து. நீரிழிவுள்ளோரது ஏறத்தாழ 6,000 எழுத்து. வயது ஒன்றே, தேய்வு வேறு! நீரிழிவு மறதி நோய்க்கும் வழிவிடும் என்பது வேறு ஆராய்ச்சிகளாலே உறுதியான உண்மை. தோட்டத்திலே பிளேன்ரீக்குச் சீனி அள்ளிப் போடும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். தேநீர் நல்லதே. ஹொங்கொங்கிலே முதியோர் ஏறக்குறைய 2,000 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீனத் தேநீர் அதிகம் அருந்திய ஆண்களின் டெலோமியர் நீண்டிருந்தது; பெண்களில் அவ்வேறுபாடு தெரியவில்லை. இதைக்கொண்டு தேநீர் மருந்து என்று பறைசாற்ற வேண்டாம். தேநீரைக் குடியுங்கள், சீனியைக் குறையுங்கள் என்பதே நாம் சொல்வது.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகக் கூறுகின்றோம். டெலோமியரை வளர்க்கும் மாத்திரை, இளமை திரும்பும் மருந்து என்று விளம்பரங்கள் வருகின்றன. மறதி நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லதென்று மெய்ப்பிக்கப்பட்ட டெலோமியர் மாத்திரை ஒன்றும் இன்றில்லை. வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தை அதிலே போடுவது கூடையின் அடியிலே ஓட்டை வைத்துக் கொழுந்தெடுப்பது போலாகும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. 2024ஆம் ஆண்டிலே லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகை கூட்டிய அறிஞர் குழு, மறதி நோய்களுள் நூற்றுக்கு 45 பங்கு, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையவை எனக் கணக்கிட்டது. இளமையிற் கல்விக் குறைவு, காது மந்தம், கண் மங்கல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தீய கொழுப்பு, புகைத்தல், மிகுகுடி, தலையடி, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை, மிகுபருமன், காற்று மாசு, தனிமை என்பனவே அவை.

இப்பட்டியலை நம் மலைநாட்டோடு பொருத்திப் பாருங்கள். முதலிலே நிற்பது கல்விக் குறைவு. இன்று எழுபது, எண்பது வயதாகிய நம் அப்பாயிமார் பிள்ளைகளாயிருந்தபோது தோட்டத்துப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். அக்குறைக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். மூளைக்குக் கிடைத்திருக்கவேண்டிய சேமிப்பை அவர்கள் வயதுக் காலத்திலே வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் எனலாம். இன்று ஒரு பிள்ளை பாடசாலையை இடையிலே விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும்போது, அப்பிள்ளையின் எழுபதாம் வயதும் அதனோடு போகின்றது என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். அடுத்தது புகை. விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லாத லயத்துக் காம்பராவிலே ஒரு வாழ்நாள் முழுவதும் சமைத்த தாயின் நுரையீரலும் இரத்தக் குழாயும் என்னாகும்? கள்ளும் சாராயமும் பற்றி நாம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இனி, நம் உள்ளத்தை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்றைக் கூறுவோம். 2004இல் பிளாக்பேர்ண் அம்மையாரும் எலிசா எப்பெல் என்னும் உளநூலாரும், தீராநோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரை ஆராய்ந்தனர். மன அழுத்தம் மிகுந்த தாய்மாரின் டெலோமியர், அழுத்தம் குறைந்தோரினதைக் காட்டிலும், பத்து வருஷ முதுமைக்கு மேல் குறுகியிருந்தது. 2007இல் அமெரிக்காவிலே அல்சைமர் நோயாளரைப் பராமரிப்போரைச் சோதித்தபோதும் அவ்வாறே தேய்வு காணப்பட்டது. நோய் ஒருவருக்கு, தேய்வு இருவருக்கு! நம் வீடுகளிலே அந்த இரண்டாமவர் யார்? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து, பொழுதுபட வந்து, மறதி கொண்ட மாமியாரைக் குளிப்பாட்டி ஊட்டிப் படுக்கவைக்கும் மருமகள் அவள், அல்லது மகள். வேலைக்குப் போகும்போது கிழவியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகின்றாளே என்று அவளைப் பழிப்போர், ஒரு நாளாவது அக்கதவருகே போயிருந்ததுண்டா?

இளைஞர்களே, பூருவின் கதை இங்கேதான் நமக்குப் பயன்படுகின்றது. தந்தையின் முதுமையை முழுதும் வாங்கிக்கொள்ள இன்று யாராலும் இயலாது. ஆனால் அம்முதுமையின் பாரத்தில் ஒரு மணி நேரத்தை, ஒரு நாட் காலையை, ஒரு கிழமையில் ஒரு பகலை வாங்கிக்கொள்ள உங்களால் இயலும். ஒரு மகள் சற்று உறங்குவதற்கு அது போதும்.

சங்கம் செய்யத்தக்கவற்றை முறையாகக் கூறி முடிக்கின்றோம். ஒவ்வொரு டிவிசனிலும் தனித்து வாழும் முதியோரின் பெயரை எழுதி வைத்து, முறை போட்டு அவர்களைப் பார்த்து வாருங்கள். பேச்சுத்துணையே அவர்களுக்கு மருந்தாகும். நாற்பது வயதைக் கடந்தோரை இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பதற்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பணம் வேண்டுவதில்லை. மறதி தொடங்கிய ஒருவரை மந்திரிப்பவரிடம் கொண்டுபோவதற்குமுன் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தைரொயிட் குறைவாலும், பீ 12 விற்றமின் குறைவாலும், மனச்சோர்வாலும் வரும் மறதியும் உண்டு. அவை சிகிச்சைக்கு இணங்குவன. அவற்றையும் தீராநோய் என்று கைவிடுவது பெருங் கொடுமையாகும். அல்சைமர் நோயே என்று தெரிந்தால், அதனை முற்றும் மாற்ற இன்று மருந்தில்லை என்பது உண்மை. ஆயினும் நோயாளியைப் பயமின்றி, பசியின்றி, அவமானமின்றி வைத்திருப்பது நம் கையில் உள்ளது. கண்ணாடி தேவைப்படுவோர்க்குக் கண்ணாடியும், காது கேளாதோர்க்குக் கருவியும் கிடைக்க வழி தேடுங்கள். பிள்ளைகளைப் பாடசாலையிலே நிறுத்தி வையுங்கள்.

நடுச்சாமத்திலே பெரட்டுக்குப் புறப்படும் அப்பாயியை அதட்டாதீர்கள். “இன்னும் மணி அடிக்கல்ல அப்பாயி, செத்த படுங்க” என்று சொல்லிக் கம்பளியைப் போர்த்துங்கள். அவள் மறந்தவை பல. தன் உழைப்பை மாத்திரம் மறக்கவில்லை. அதை நாமும் மறவாதிருப்போமாக.